கேம் கேரக்டரைத் தாளில் கீறுதல்: கணக்குப் புத்திக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

2022 மார்ச்சில் கொழும்பில் கரண்ட் போகும் நேரம் நாளுக்கு நாள் நீண்டது. மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை வெட்டினார்கள். வெள்ளவத்தையில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் ரவுட்டர் அணைந்துவிட்டால் கேமும் இல்லை, மின்விசிறியும் இல்லை. ஃபைனல் ஃபேண்டசி 14 என்ற இணைய கேமில் நான் மூன்று வருடமாக வளர்த்த ஹீலர் (கூட்டாளிகளைக் குணப்படுத்தும் கேரக்டர்) ஒருத்தி இருந்தாள். ஒரு இரவு மெழுகுதிரி வெளிச்சத்தில், கொப்பியின் பின்பக்கத்தில் அவளைக் கீறிப் பார்க்க உட்கார்ந்தேன். அவளுடைய ஒவ்வொரு ஸ்பெல்லின் கூல்டவுனும், அதாவது அதைத் திரும்பப் பாவிக்கக் காத்திருக்க வேண்டிய நேரமும், எனக்கு நொடிக் கணக்கில் மனப்பாடம். கைத்தடியின் நுனியில் எத்தனை வளையம் என்பதுகூடத் தெரியும். கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே தொடங்குகிறது என்று யோசித்தபோது மட்டும் ஒன்றும் வரவில்லை. மூன்று வருடம் தினமும் பார்த்த உருவம்தான். முக்கால்வாசி நேரம் பார்த்தது முதுகை.

இந்தக் கட்டுரை அதே இடத்தில் நிற்பவர்களுக்கு. டேமேஜ் கணக்கை எக்செல்லில் போட்டுப் பார்க்கிறவர், பாஸ் என்ற பெரிய எதிரி எந்த நொடியில் எந்தப் பக்கம் திரும்பும் என்று குறித்து வைக்கிறவர், பாடசாலையில் சித்திரப் பாடத்தை எடுக்காமல் விட்டவர் என்று யாரும் இதைப் பின்பற்றலாம். நான் ஆறாம் வகுப்பில் சங்கீதத்தை எடுத்ததோடு சித்திரக் கொப்பியை மூடியவன்.

கணக்குப் புத்தி படம் கீற உதவாது என்று பலர் நம்புகிறார்கள். எனக்கு அது தப்பாகத்தான் படுகிறது. ஒரு படத்தில் எது பிழை, எவ்வளவு பிழை, எந்தப் பக்கம் பிழை என்று நிதானமாகக் கேட்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நமக்கு இருக்கிற உண்மையான ஆபத்து வேறு. கேமில் பில்ட் (எந்த ஆயுதம், எந்தத் திறன் என்ற தெரிவு) பற்றி மணிக்கணக்கில் வாசித்துவிட்டு விளையாடாமல் தூங்கப் போகிற பழக்கம் நமக்கு உண்டல்லவா, அது இங்கேயும் வரும். உடற்கூறு வீடியோ ஆறு பார்ப்போம், ஒரு கோடும் கீற மாட்டோம். ஆகவே முதல் விதி: 10 நிமிடம் பார்த்தால் 30 நிமிடம் கீற வேண்டும். இதைக் கண்டிப்பாக வையுங்கள்.

ஒரே கேரக்டர், பழைய உடுப்பு

உங்களிடம் எட்டு கேரக்டர் இருக்கலாம். ஒன்றை மட்டும் எடுங்கள். மூன்று மாதத்துக்கு அவர்தான். ஒரே உருவத்தைத் திரும்பத் திரும்பக் கீறினால்தான் பிழை எங்கே மாறுகிறது என்று தெரியும். ஆளையும் கோணத்தையும் உடுப்பையும் ஒன்றாக மாற்றினால் எந்த மாற்றத்தால் படம் நன்றாக வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

கேமுக்குள் போய் கவசம், தொப்பி, செட்டை எல்லாவற்றையும் கழற்றி விடுங்கள். லெவல் 1இல் தந்த உடுப்பு போதும். ரெய்டு என்ற கூட்டுச் சண்டையில் கஷ்டப்பட்டு எடுத்த கவசத்தைத்தான் கீற ஆசை வரும், தெரியும். அந்தக் கவசம் தோளையும் இடுப்பையும் முழங்காலையும் மறைக்கிறது. மூட்டு எங்கே என்று தெரியாமல் கவசத்தைக் கீறினால் அது உடம்பில் உட்காராது, ஒட்டி வைத்தது போல நிற்கும்.

சாமான் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கட்டு ஏ4 தாள், 2பி பென்சில் இரண்டு, ஒரு அழிறப்பர், ஒரு அடிமட்டம், ஒரு சாதாரண பால்பாயிண்ட் பேனை. கொழும்புக் காலி வீதியில் எந்தப் புத்தகக் கடையிலும் இவை கிடைக்கும். விலை கூடிய சித்திரக் கொப்பி வேண்டாம். நல்ல தாளைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயத்தில் கை இறுகிவிடும். பேனை எதற்கென்றால், அழிக்க முடியாத கோடு கீறும்போது கண் முதலில் வேலை செய்யும், கை பிறகுதான் வரும்.

ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் முறை

இதைப் பலர் கவனிப்பதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கேம் கேமராவை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் முழு உடம்பையும் படம் பிடித்தால் தலை வீங்கிப் பெரிதாகத் தெரியும், கால் சிறுத்துப் போகும். பார்வைக் கோணம் அகலமாக இருக்கிற கேம்களில் இது இன்னும் மோசம். அந்தப் படத்தைப் பார்த்து நீங்கள் சரியாகக் கீறினாலும் உருவம் கோணலாகத்தான் வரும், பழி உங்கள் கையில் விழும்.

கேமராவை முடிந்தளவு தூரத்துக்குக் கொண்டுபோங்கள். செட்டிங்ஸில் பார்வைக் கோணத்தைக் குறைக்க முடிந்தால் குறையுங்கள். கேமராவின் உயரத்தை கேரக்டரின் நெஞ்சு மட்டத்தில் வையுங்கள். பிறகு படத்தை வெட்டிப் பெரிதாக்கலாம். முன்பக்கம், பக்கவாட்டு, முதுகு, முக்கால் திரும்பிய கோணம் என்று நான்கு எடுங்கள். முகம் மட்டும் இன்னொன்று. ஃபைனல் ஃபேண்டசி 14 விளையாடுகிறவர்களுக்கு குரூப் போஸ் என்ற படம் எடுக்கும் வசதி இருக்கிறது, அசைவை நிறுத்தி விளக்குகளையும் விருப்பப்படி வைக்கலாம். ஒரே ஒரு விளக்கைப் பக்கவாட்டில் வைத்து மற்றதெல்லாவற்றையும் அணையுங்கள். கேமின் சாதாரண வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விழுகிறது, மூக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதே அதில் தெரியாது. எனக்கு நிழல் என்றால் என்னவென்று விளங்கியது அந்த மெழுகுதிரி இரவுகளில்தான்.

ஐந்து படத்தையும் ஒரு பென்டிரைவில் போட்டு, பக்கத்துக் கொமியூனிகேஷன் கடையில் ஏ4இல் கறுப்பு வெள்ளையாக பிரிண்ட் எடுங்கள். போன் திரை அணைந்து அணைந்து எரியும். தாள் அப்படியே கிடக்கும், அதன்மேல் அடிமட்டம் வைக்கலாம்.

அளவெடுத்தல்

இப்போது நமக்குப் பிடித்த பகுதி. முன்பக்கப் படத்தில் தலையின் உச்சியிலிருந்து நாடிவரை எவ்வளவு நீளம் என்று ஒரு தாள் துண்டில் குறியுங்கள். அந்தத் துண்டை உச்சியிலிருந்து பாதம்வரை அடுக்கிப் பாருங்கள். எத்தனை தலை உயரம் என்று எண் கிடைக்கும். நிஜ மனிதர் ஏறக்குறைய 7½ தலை. வீர உருவங்களை 8 தலையாகக் கீறுவது வழக்கம். குட்டி உருவமாகச் செய்கிற சிபி பாணியில் 2, 3 தலைதான். உங்கள் கேரக்டர் எத்தனை என்பதை நீங்களே அளந்து எழுதுங்கள். பொது விதியை அவர்மேல் திணிக்க வேண்டாம், கேம் கம்பனி அவரை அப்படிச் செய்திருக்காது.

இது வெள்ளைக்காரர் கண்டுபிடித்த கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். நம் சிற்பிகள் தாளம் என்ற அளவில் பல நூற்றாண்டாக இதே வேலையைச் செய்கிறார்கள். தாளம் என்றால் ஏறக்குறைய நெற்றி மயிர்க்கோட்டிலிருந்து நாடிவரையான முக நீளம். ஒரு தாளத்துக்கு 12 அங்குலம். இந்த அங்குலம் அடிமட்டத்து இஞ்சு அல்ல, அந்தச் சிலைக்கு மட்டும் உரிய சிறு பங்கு. நவதாளம் என்றால் மொத்தம் 108 அங்குலம். பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாளம், அது பத்துத் தாளத்தோடு நான்கு அங்குலம் கூட்டி 124 அங்குலம். பிள்ளையாருக்கு பஞ்சதாளம், அதனால்தான் அவர் எப்போதும் குட்டையாக, வயிறும் தலையுமாக இருக்கிறார். சிலை ஒரு சாணாக இருந்தாலும் ஆளுயரமாக இருந்தாலும் விகிதம் மாறாது. ஸ்கேல் மாறினாலும் உடையாத கணக்கு. கோவிலுக்குப் போகும்போது பிள்ளையாரின் முகத்தை அளவாக வைத்து மனதுக்குள் எண்ணிப் பாருங்கள்.

தலை எண்ணிக்கைக்குப் பிறகு இன்னும் சில அளவு. கண்கள் தலையின் நடுக்கோட்டில் இருக்கின்றன, உச்சிக்கும் நாடிக்கும் சரி பாதியில். கையைத் தொங்கவிட்டால் முழங்கை இடுப்பு மட்டத்துக்கு வரும், மணிக்கட்டு கவட்டு மட்டத்துக்கு. இரண்டு கையையும் விரித்தால் நுனிக்கு நுனி நீளம் உங்கள் உயரமளவு. விரல்களை நீட்டிக் கையை முகத்தில் வைத்தால் நாடியிலிருந்து மயிர்க்கோடுவரை மூடும். இவற்றை முதலில் கண்ணாடி முன்னால் உங்கள் உடம்பில் சோதியுங்கள், பிறகு கேரக்டரில். எங்கே வித்தியாசப்படுகிறதோ அங்கேதான் அந்த கேமின் பாணி இருக்கிறது. என் ஹீலருக்குக் காலும் கழுத்தும் நிஜத்தைவிட நீளம். அதை எண்ணாகக் கண்டபோதுதான் அவள் ஏன் அவளாகத் தெரிகிறாள் என்று விளங்கியது.

விறைப்பு போக வேண்டும்

அளவு எல்லாம் சரியாக வந்தபிறகும் படம் மரப்பலகை மாதிரி இருக்கும். எனக்கு இரண்டு மாதம் இருந்தது. காரணம் இருக்கிறது. கேம் கேரக்டரை உருவாக்குகிறவர்கள் அதைக் கை விரித்து நேராக நிற்கும் நிலையில்தான் செய்கிறார்கள், டி-போஸ் என்பார்கள். நாமும் அளவெடுத்தது நேராக நிற்கிற உருவத்தைத்தான். உயிருள்ள ஆள் அப்படி நிற்பது பாடசாலை அசெம்பிளியில் மட்டும்.

இதற்குக் கொழும்பிலேயே நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தேசிய அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1877இல் திறந்த அந்த வெள்ளைக் கட்டடத்துக்குள், பொலன்னறுவையில் கிடைத்த சைவ வெண்கலச் சிலைகள் இருக்கின்றன. நடராசர், பார்வதி, நாயன்மார். சிற்ப நூல்கள் நிற்கும் நிலையைப் பங்கம் என்று பிரிக்கின்றன. எந்த வளைவும் இல்லாமல் நேராக நிற்பது சமபங்கம், அதுதான் நமது டி-போஸின் தங்கச்சி. இலேசாக ஒரு பக்கம் சாய்ந்தால் அபங்கம். கழுத்து, இடை, முழங்கால் என்று மூன்று இடத்தில் வளைந்தால் திரிபங்கம்.

நிற்கும் பார்வதி சிலை ஒன்றின் முன்னால் போய் நில்லுங்கள். எந்தக் காலில் பாரம் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். பாரம் தாங்கும் பக்கத்தில் இடுப்பு மேலே ஏறியிருக்கும். அதே பக்கத்துத் தோள் இறங்கியிருக்கும். இரண்டு கோடும் எதிரெதிராகச் சாய்கின்றன, அந்தச் சாய்வைத் தலை சரிப்படுத்துகிறது. தொண்டைக்குழியிலிருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டால் அது பாரம் தாங்கும் பாதத்துக்கு அருகில் விழும். விழாவிட்டால் அந்த ஆள் விழுந்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம். இதைத் தெரிந்துகொண்டு திரும்ப கேமைப் பார்த்தால், சும்மா நிற்கும்போது உங்கள் கேரக்டர் மூச்சு விட்டுப் பாரத்தைக் கால் மாற்றுவது தெரியும். யாரோ ஒரு அனிமேட்டர் இதே கணக்கைப் போட்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து செய்ய வேண்டியது: கேரக்டரை மூன்றே கோட்டில் கீறுங்கள். தலையிலிருந்து பாரம் தாங்கும் பாதம்வரை ஒரு வளைகோடு. தோளுக்கு ஒரு சாய்கோடு. இடுப்புக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்த கோடு. அவ்வளவுதான். 30 நொடிக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒரு தாளில் பன்னிரண்டு போடலாம். முகம் இல்லை, விரல் இல்லை, முடி இல்லை. இதைப் பேனையால் செய்யுங்கள்.

சனி ஞாயிறில் இதே பயிற்சியை வெளியே செய்யலாம். வெள்ளவத்தை ரயில் நிலையத்தில் பின்னேரம் ஆட்கள் ரயிலுக்குக் காத்து நிற்பார்கள். பையை ஒரு தோளில் போட்டவர், தூணில் சாய்ந்தவர், பிள்ளையை இடுப்பில் தூக்கிய அம்மா. பிள்ளையைத் தூக்கிய இடுப்பு எவ்வளவு வெளியே தள்ளுகிறது பாருங்கள், திரிபங்கத்துக்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை. யாரையும் உற்றுப் பார்த்து சங்கடப்படுத்த வேண்டாம். முகம் கீறாதபடியால் யாருடைய அடையாளமும் உங்கள் தாளில் இருக்காது. யாராவது கேட்டால் காட்டுங்கள், பெரும்பாலும் சந்தோஷப்படுவார்கள்.

பெட்டியும் உருளையும்

அடுத்தது கனம். ஹிட்பாக்ஸ் என்றால் உங்களுக்குத் தெரியும்: ஆளைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத பெட்டிகள், அடி எங்கே பட்டது என்று கேம் அதை வைத்துத்தான் பார்க்கிறது. படம் கீறும்போதும் உடம்பை அப்படியே நினையுங்கள். நெஞ்சுக்கூடு ஒரு பெட்டி, இடுப்பெலும்பு ஒரு பெட்டி, தலை ஒரு உருண்டை, கை கால் உருளைகள்.

பெட்டி கீறப் பழக ஒரு நெருப்புப்பெட்டி போதும். மேசையில் வைத்து ஒவ்வொரு நாளும் ஐந்து கோணத்தில் கீறுங்கள். பிறகு இரண்டு நெருப்புப்பெட்டியை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, மேல் பெட்டியைக் கொஞ்சம் திருப்புங்கள். நெஞ்சும் இடுப்பும் வேறு வேறு பக்கம் பார்க்கிற உடம்பு இதுதான். சண்டைக் காட்சி எல்லாம் இந்தத் திருப்பலில் இருக்கிறது.

பெட்டியின் மேல்பக்கம் தெரியுமா, அடிப்பக்கம் தெரியுமா என்பது கண் மட்டத்தைப் பொறுத்தது. இதை விளங்கிக்கொள்ள காலி முகத்திடலுக்கு ஒரு பின்னேரம் போய் வாருங்கள். புல்வெளியில் எழுந்து நின்று கடலும் வானமும் சேரும் கோட்டைப் பாருங்கள். உங்கள் உயரமுள்ள ஒவ்வொருவரின் கண்ணையும் அந்தக் கோடு வெட்டிப் போகும், அவர் பத்தடியில் நின்றாலும் இருநூறு அடியில் நின்றாலும். இப்போது புல்லில் உட்காருங்கள். அதே கோடு அவர்களின் இடுப்புக்கு இறங்கிவிடும். உங்கள் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில்தான் அடிவானம். படத்தில் கேரக்டரைக் கம்பீரமாகக் காட்ட வேண்டுமென்றால் இந்தக் கோட்டை அவருடைய முழங்கால் மட்டத்தில் போடுங்கள். பார்ப்பவர் கீழே இருந்து பார்ப்பதுபோல வரும். கூட்டமாகப் பார்ட்டி (கேமில் உங்கள் குழு) முழுவதையும் கீறும்போது இந்த ஒரு கோடு உங்களைக் காப்பாற்றும்.

முகம், கை

முகத்துக்கு, உருண்டை கீறி, நடுவில் ஒரு நெடுக்குக் கோடும் ஒரு குறுக்குக் கோடும் போட்டு, கீழே தாடையைச் சேர்க்கும் முறை ஆரம்பத்துக்கு நல்லது. தலை திரும்பினால் இரண்டு கோடும் உருண்டையோடு சேர்ந்து வளையும். உருண்டையின் இரண்டு பக்கத்தையும் சீவி விட்டதாக நினைத்தால் காது வைக்கிற இடம் கிடைக்கும். இணையத்தில் லூமிஸ் முறை என்று தேடினால் படங்களோடு கிடைக்கும்.

முகத்தில் எல்லோரும் செய்யும் பிழை கண்ணை மேலே வைப்பது. நெற்றியும் மண்டையும் நமக்கு முக்கியமில்லாதபடியால் மனம் அதைச் சுருக்கிவிடுகிறது. கண், மூக்கு, வாய் என்று பெயர் இருக்கிற சாமான்களை மனம் பெரிதாக்குகிறது. படத்தைத் தலைகீழாக வைத்துக் கீறிப் பாருங்கள். பெயர்கள் மறைந்து வெறும் வடிவங்கள் மிஞ்சும், அப்போது கை உள்ளதைக் கீறும். நான் இந்த ஒரு பயிற்சியை இரண்டு கிழமை செய்தேன், கண் வரவேண்டிய இடத்துக்கு வந்தது.

கை கடினம். உங்கள் இடது கை எப்போதும் உங்களோடு இருக்கிறது, அதை மாதிரியாக வையுங்கள். விரல்களைத் தனித்தனியாகத் தொடங்காமல் விரல் பிரியாத கையுறை மாதிரி ஒரே வடிவமாகக் கீறிப் பிறகு பிரியுங்கள். ஆரம்பத்தில் கேரக்டரின் கையில் ஆயுதத்தைக் கொடுக்காதீர்கள்.

உடுப்பும் ஆயுதமும்

இங்கே கணக்குப் புத்திக்கு மறுபடி வேலை வருகிறது. துணி எங்கே பிடிபட்டிருக்கிறதோ அங்கிருந்து மடிப்புகள் கிளம்பும். தோளில் பிடித்த சீலை முந்தானை, இடுப்பில் முடிந்த சாரம், இரண்டையும் பாருங்கள். பிடி, இழுப்பு, தொங்கல் என்று தேடினால் ஒவ்வொரு மடிப்புக்கும் காரணம் இருக்கும். காரணமில்லாத மடிப்பு கீறாதீர்கள். வீட்டில் கதிரையின் முதுகில் ஒரு துவாயைப் போட்டு ஒரு மணித்தியாலம் கீறினால் பத்து வீடியோவில் கிடைக்காதது கிடைக்கும்.

கேமில் உடுப்பு உடம்புக்குள் புகுந்து வெளியே வரும், வாள் காற்றில் முதுகில் ஒட்டியிருக்கும், யாரும் கவனிப்பதில்லை. தாளில் அது உடனே கண்ணில் குத்தும். இந்தத் தோள்வார் எங்கே கொக்கி மாட்டுகிறது? இந்த அங்கியை இவள் எப்படிப் போடுகிறாள், தலைவழியாகவா, முன்னால் கட்டியா? இந்தக் கேள்விகளுக்கு கேம் பதில் தராது. நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவுகள் சேரச் சேர அந்த கேரக்டர் கம்பனியுடையதாக இருந்தது போய் உங்களுடைய ஆளாக மாறும். எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்தது இதுதான்.

ஆயுதத்துக்கும் அருங்காட்சியகமே நல்ல இடம். சிங்கத் தலை செதுக்கிய கைப்பிடியோடு கஸ்தானே வாள்கள் இருக்கின்றன.   நிஜ வாளின் பிடி எவ்வளவு சின்னது என்று பார்த்தால் கேம் ஆயுதங்கள் எவ்வளவு ஊதிப் பெருத்தவை என்று புரியும். பெரிதாக்குவது பிழையில்லை, தெரிந்து பெரிதாக்க வேண்டும். உள்ளே கொப்பியும் பென்சிலும் எடுக்க முன் வாசலில் நிற்கும் உத்தியோகத்தரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

தூரத்தில் இருந்து அடையாளம்

வால்வ் கம்பனி தன் டோட்டா 2 கேமுக்காக ஒரு கேரக்டர் வழிகாட்டி வெளியிட்டது. வெறும் நிழலுருவைப் பார்த்தாலே எந்த ஹீரோ என்று தெரிய வேண்டும் என்பது அதில் முக்கியமான விதி. இன்னொன்று, மேலுடம்பில் வெளிச்சமும் விவரமும் கூட இருக்க வேண்டும், காலுக்குப் போகப் போக இருண்டு எளிமையாக வேண்டும். மேலிருந்து பார்க்கும் கேம், சண்டையின் நடுவே ஒரு நொடியில் ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் இந்த விதி. டீம் ஃபோர்ட்ரஸ் 2 கேமைச் செய்தவர்களும் 2007இல் இதே மாதிரி நிழலுருவை வைத்து கேரக்டர் வகைகளைப் பிரித்ததை விளக்கமாக எழுதியிருக்கிறார்கள்.

உங்கள் படத்தில் சோதிப்பது சுலபம். வெளிக்கோட்டுக்குள் முழுவதும் கறுப்பாக நிரப்புங்கள். கை உடம்போடு ஒட்டிக் காணாமல் போகிறதா? தடி காலுக்குப் பின்னால் ஒளிகிறதா? அப்படியென்றால் நிலையை மாற்றுங்கள். பிறகு வெள்ளை, நடுத்தரச் சாம்பல், கறுப்பு என்று மூன்றே நிறத்தில் நிழல் போடுங்கள். நான்காவது வேண்டாம், சில மாதத்துக்கு.

பிழைப் பதிவு

முழுக் கட்டுரையிலும் ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு படம் முடிந்ததும் ஸ்கிரீன்ஷாட் பிரிண்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். மூன்று பிழையை எழுதுங்கள். "நல்லா இல்லை" என்று எழுதக் கூடாது. அது பிழை அல்ல, மனநிலை. "இடது கண் வலதைவிட மேலே", "முன்கை நீளம்", "தோள் ஒடுக்கம்" என்று அளக்கக்கூடிய மாதிரி எழுதுங்கள். திகதியும் போடுங்கள். பத்துப் படம் முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். ஏதோ ஒரு பிழை மற்றதெல்லாவற்றையும்விட அதிக தடவை வந்திருக்கும். அடுத்த கிழமை முழுவதும் அதற்கு மட்டும் பயிற்சி. மற்றப் பிழைகளைப் பார்த்தும் பாராமல் விடுங்கள்.

என் முதல் பதிவில் அடிக்கடி வந்தது "தலை வலப்பக்கம் சாய்வு". கண்ணாடியில் படத்தைக் காட்டிப் பார்த்தபோதுதான் எவ்வளவு சாய்வென்று தெரிந்தது. தாளை மேசையில் கோணலாக வைத்து எழுதுகிற பழக்கம், அதனால் எல்லாக் கோடும் ஒரு பக்கம் ஓடின. தாளை நேராக வைத்தேன், பிழை பெருமளவு போய்விட்டது. திறமை, வரம் என்று யோசித்துக் கவலைப்பட்டிருந்தால் இது அகப்பட்டிருக்காது.

கண்ணாடி இல்லாவிட்டால் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பின்பக்கமாகப் பிடியுங்கள், படம் இடம் வலம் மாறித் தெரியும்.

நேரக் கணக்கு: கிழமையில் ஆறு நாள், நாளுக்கு அரை மணித்தியாலம். முதல் ஐந்து நிமிடம் மூன்று கோட்டு உருவங்கள், பிறகு இருபது நிமிடம் அந்தக் கிழமையின் பிழை, கடைசி ஐந்து நிமிடம் பதிவு. கேம் திறக்கும் முன் செய்யுங்கள். திறந்த பிறகு செய்யலாம் என்று வைத்தால் நடக்காது, ரெய்டு கூப்பிடும்.

ட்ரேஸ் பண்ணலாமா

படிக்க ட்ரேஸ் பண்ணலாம். ஸ்கிரீன்ஷாட்டின்மேல் மெல்லிய தாள் வைத்து, உள்ளே பெட்டிகளையும் உருளைகளையும் தேடிக் கீறுங்கள். வெளிக்கோட்டை மட்டும் நகலெடுத்தால் ஒன்றும் கற்க மாட்டோம். ட்ரேஸ் பண்ணியதை நானே கீறியது என்று நண்பர்களுக்குக் காட்டாதீர்கள். இன்னொருவர் கீறிய ரசிகர் படத்தைப் பார்த்துப் பழகினால் அவருடைய பெயரைப் போடுங்கள்.

கணினிக்கு எப்போது

தாளில் மூன்று மாதம் கழித்து. கிரிட்டா படம் கீறும் இலவச மென்பொருள், விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் ஓடும். போனில் கீறுகிறவர்களுக்கு ஐபிஸ் பெயிண்ட் வசதி. பேனா டேப்லெட் வாங்குவதென்றால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கணினிக் கடைகளை ஒரு சுற்று சுற்றிக் கேளுங்கள். திரை இல்லாத சின்னது தொடக்கத்துக்குப் போதும். கை ஒரு இடம், கண் ஒரு இடம் என்று முதல் கிழமை தடுமாறும். மவுஸ் பழகிய கைக்கு சீக்கிரம் வந்துவிடும்.

கிரிட்டாவில் எம் விசையை அழுத்தினால் படம் கண்ணாடியில் போலத் திரும்பும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்துங்கள். பெட்டி உருவத்துக்கு ஒரு லேயர் (ஒன்றின்மேல் ஒன்றாக வரும் கண்ணாடித் தாள் போன்ற அடுக்கு), வெளிக்கோட்டுக்கு ஒரு லேயர், நிழலுக்கு ஒரு லேயர் என்று பிரித்து வையுங்கள். முந்தைய கோட்டுக்குத் திரும்பும் வசதியை மட்டும் அளவோடு பாவியுங்கள். நூறு தடவை அழித்துக் கீறிய ஒரு கோட்டைவிட, துணிந்து கீறிய கோடு நன்றாக இருக்கும்.

90ஆம் நாள் வந்ததும் முதல் நாள் கீறிய அதே ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து, பழைய படத்தைப் பார்க்காமல் திரும்பக் கீறுங்கள். இரண்டின் பின்பக்கமும் திகதி எழுதி, பிழைப் பதிவோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். சரி, இனிக் கழற்றி வைத்த அந்த ரெய்டு கவசத்தைத் திரும்பப் போடலாம். தோள்பட்டையின் பின்பக்கத்தில் தொடங்குங்கள். வார் எங்கே மாட்டியிருக்கிறது என்று ஸ்கிரீன்ஷாட்டில் தெரியாது, தலைமயிர் மறைத்திருக்கும்.